பின்வரிசைக்கு மட்டும் கேட்கவில்லை

எனக்குக் காதில் கோளாறு என்று அந்த மனிதர் என் அப்பாவிடம் சொன்னபோது, என்னோடு படித்த ஒன்பது பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருக்கலாம். வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்த ஒன்பது பேரும் கேட்க வேண்டும் என்று இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மன்னித்துவிட்டேன் என்று சொல்வதுதான் அழகு என்பார்கள். எனக்கு அந்த அழகு வேண்டாம்.

2001-இல் நான் பி.எஸ்சி. முடித்திருந்தேன். வேதியியல். ஊர் கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பா கடலையும் நெல்லும் போடுகிறவர். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி. அப்போது திருவண்ணாமலையில் திடீரென்று எல்லோரும் ஒரே வேலையைப் பற்றிப் பேசினார்கள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதை, இங்கே உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டு, கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் வேலை. அதற்குப் பயிற்சி கொடுக்க ஒரு மையம், தேரடிப் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஆறு மாதப் பயிற்சி. முடிவில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து, மையம் வைக்கும் தேர்வில் தேறியவர்களை மட்டும் பார்த்து எடுத்துக்கொள்ளும். மையத்தை நடத்தியவரே பாடமும் எடுத்தார். நாங்கள் அவரை சார் என்போம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன், மரியாதைக்காக அல்ல.

அறையில் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு நாற்காலி. முதல் நாள் எங்கள் பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். நாங்கள் படியேறிப் போவதற்குள் டவுன் பிள்ளைகள் எட்டுப் பேரும் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பெரும்பாலும் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்கள். மறுநாளே சார் யார் யாருக்கு எந்த நாற்காலி என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். கடைசி வரிசையில் நாங்கள் மூன்று பேர். நான், என் பஸ்ஸிலேயே வரும் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி, பத்து நாள் தாமதமாகச் சேர்ந்த இன்னொருத்தி. அந்தத் தாமதக்காரி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள், வேங்கிக்காலில் வீடு. நான்காவது நாற்காலி காலி.

முன்னால் இருந்த எட்டு ஹெட்போன்களும் மெல்லிசாக, புதிதாக, காதில் ஸ்பாஞ்சு வைத்தவை. எங்கள் வரிசையில் இருந்தவை வேறு. சாம்பல் நிறம், நல்ல கனம், காதை முழுக்க மூடும் தோல் மெத்தை, சுருள் சுருளாக நீளும் ஒயர். மூடிப்போன ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவிலிருந்து வாங்கியதாகவும், வெளிநாட்டுச் சரக்கு என்றும் சார் சொன்னார். முதல் வாரம் எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சார் மேஜையில் ஒரு டேப் டெக், அதோடு ஒரு ஆம்ப்ளிஃபயர். அதிலிருந்து ஒரு தகரப் பெட்டிக்கு ஒயர் போகும். பெட்டியில் பன்னிரண்டு துளை. எல்லா ஹெட்போனும் அந்த ஒரே பெட்டியில் சொருகப்பட்டிருக்கும். அவர் டேப்பைப் போடுவார். நாங்கள் கேட்டுக்கொண்டே அடிக்க வேண்டும். முன்னால் இருந்த எட்டுப் பேரும் தடதடவென்று அடிப்பார்கள். எங்களுக்கு, பக்கத்து வீட்டில் யாரோ சுவருக்கு அந்தப்புறம் பேசுவதுபோல இருக்கும். ஒரு குரல் இருக்கிறது என்று தெரியும். என்ன சொல்கிறது என்று தெரியாது. 'ஹைப்பர்' என்றால் அதிகம், 'ஹைப்போ' என்றால் குறைவு. இரத்த அழுத்தத்தில் ஒன்றுக்கு இன்னொன்றை அடித்தால் ஆளே போய்விடுவான் என்று பாடம் நடத்தினார். அந்தக் கடைசி எழுத்துதான் எங்களுக்கு விழவே விழாது.

கையைத் தூக்குவோம். சார் சலித்துக்கொண்டே ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டும் திருகைத் திருப்புவார். உடனே முன்வரிசை காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கும். காது கிழியுது சார் என்பார்கள். அவர் பழைய இடத்துக்கே திருப்பிவிடுவார். இரண்டு வாரம் இப்படி நடந்த பிறகு ஒரு நாள் எங்களைப் பார்த்து, "எட்டுப் பேருக்குக் கேக்குது. மூணு பேருக்குக் கேக்கல. கோளாறு எங்க இருக்குன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க" என்றார். வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அப்போது சிரித்ததை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அதற்குப் பிறகு கையைத் தூக்குவதை விட்டுவிட்டோம்.

என் பஸ் தோழிதான் முதலில் உடைந்தாள். முதல் மாதத் தேர்வில் அவளுக்குத்தான் எல்லோரையும்விடக் குறைவு. அன்று பௌர்ணமி, கீழே தெரு முழுக்கக் கிரிவலத்துக்கு வந்த கூட்டம், ஒலிபெருக்கி, பஸ் ஹாரன். ஜன்னல் எங்கள் வரிசைக்குப் பக்கத்தில். அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத்தினால் எப்படி அடிப்பது? சார் அவளை எழுப்பி நிற்க வைத்து, காதை யாரிடமாவது காட்டச் சொன்னார். அவளுடைய அண்ணன் வந்தபோது அவனிடமும் சொன்னார். வீட்டில் அவள் அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் எண்ணெய் வாசனை வரும். நான் பேசும்போது தலையைச் சாய்த்து என் வாயையே பார்ப்பாள். முன்பு அப்படிப் பார்க்க மாட்டாள். ஒரு நாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும் சொல்லிவிட்டு, செய்தி ஊரில் பரவுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். என்ன செய்தி? காது கேட்காது என்ற செய்தி.

அடுத்தது என் முறை. இரண்டாம் தேர்விலும் நான் தேறவில்லை. அப்பாவை வரச் சொன்னார். அப்பா வெளியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தார்.

"பொண்ணுக்கு காது சரியா கேக்கலங்க. வச்சுக்கிட்டு எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்."

அப்பா என்னைப் பார்த்தார். "வீட்ல நல்லாத்தான் கேக்குதுங்க சார்," என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஏரிக்கரையில் இருந்து கூப்பிட்டால் வீட்டுக்குக் கேட்கும் குரல் அது.

மறுநாளே என்னை வேலூருக்குக் கூட்டிப் போனார். காது டாக்டர் பார்த்துவிட்டு, கேட்கும் திறனைச் சோதிக்கும் அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் என் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். அது காதை இறுக்கியது. மேஜையில் இன்னொரு ஹெட்போன் சும்மா கிடந்தது. அதை மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். இந்த மெஷினுக்கு இந்த ஹெட்போன்தான் ஜோடி, வேறு எதையாவது மாட்டினால் நல்ல காதும் கோளாறுள்ள காதாகத் தெரியும் என்றார். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோதனை முடிந்ததும் அவர் அப்பாவிடம் தாளைக் கொடுத்து, என் காது சாதாரணக் காதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது என்றார். அப்பா அந்தத் தாளை மடிக்காமல், பஸ்ஸில் முழங்கால் மேல் விரித்து வைத்தபடியே வந்தார்.

சாரிடம் அதைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்ப காது இல்ல. இங்கிலீஷ்தான்" என்றார்.

அந்த வாரமே முன்வரிசைப் பையன் ஒருவன் விடுப்பு எடுத்தான். சார் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, டேப்பைப் போட்டுவிட்டு அவன் ஹெட்போனை மாட்டினேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று தெரியாது. தைரியம் என்று சொல்ல மாட்டேன். ஒரு அமெரிக்கக் குரல் என் தலைக்குள் வந்து பேசியது. ஒவ்வொரு வார்த்தையும். ஹைப்பர். ஹைப்போ. எல்லாம் எனக்குத் தெரிந்த வார்த்தைகள். மூன்று மாதமாக அவை அங்கேதான் இருந்திருக்கின்றன, எனக்கு இரண்டு நாற்காலி முன்னால். எனக்கு அழுகை வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். என் ஹெட்போன் கெட்டுப்போனது என்றுதான் முதலில் நினைத்தேன்.

டிப்ளமோக்காரியிடம் சொன்னேன். அவள் அதுவரை தனக்குத்தான் மண்டையில் ஏதோ அடைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தன் ஹெட்போனைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் பட்டையில் தேய்ந்துபோன எழுத்தில் 600 என்று இருந்தது. பக்கத்தில் மின்தடையைக் குறிக்கும் ஓம்ஸ் குறி. மறுநாள் தன் காலேஜ் மல்டிமீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போன பிறகு ஒவ்வொரு ஹெட்போன் ஒயரின் முனையில் இருக்கும் பின்னையும் பெட்டியிலிருந்து உருவி அளந்தாள். முன்வரிசை எல்லாம் முப்பது, முப்பத்தொன்று. எங்களுடையது ஐநூற்று எழுபதுக்கு மேல்.

"கெட்டுப்போகலடி. இது நல்ல ஹெட்போன். ஆனா இதோட தடை ரொம்ப ஜாஸ்தி," என்றாள். "ஒரே தொட்டியில பன்னெண்டு குழாய் வச்சா, பெரிய வாய் இருக்கிற குழாய்ல கொட்டும். ஊசி வாய்ல சொட்டும். முன்னாடி கொட்டுது. நமக்குச் சொட்டுது."

ஸ்டூடியோவில் இதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் இருந்திருக்கும், அது போதுமான அழுத்தம் கொடுத்துத் தள்ளும் என்றாள். அந்த ஆம்ப்ளிஃபயரை விட்டுவிட்டு ஹெட்போனை மட்டும் வாங்கி வந்து, முப்பது ஓம்ஸ் ஹெட்போன்களோடு ஒரே பெட்டியில் சொருகினால் இப்படித்தான். முன்வரிசைக்குத் தாங்கும் அளவுக்குத் திருகை வைத்தால் பின்வரிசைக்குப் பத்தாது. பின்வரிசைக்கு வைத்தால் முன்வரிசைக்குக் காது போய்விடும். காதும் தவறு செய்யவில்லை, ஹெட்போனும் தவறு செய்யவில்லை. ஜோடி சேரவில்லை. வேலூரில் அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு அவள் சார் மேஜைக்குப் போய், முன்வரிசைப் பின்கள் எட்டையும் உருவிவிட்டு, திருகை நன்றாக ஏற்றி, டேப்பைப் போட்டாள். நான் என் நாற்காலியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அதை எப்படிச் சொல்வது? முன்வரிசை ஹெட்போனில் குரல் கேட்டது. இதில் ஆள் கேட்டார். அவர் மூச்சு இழுப்பது, தாளைப் புரட்டுவது, வார்த்தைக்கு யோசிக்கும்போது நாக்கைத் தட்டுவது, அவருக்குப் பின்னால் எங்கோ ஒரு கதவு சாத்தப்படுவது எல்லாம். அந்த அறையிலேயே நல்ல ஹெட்போன் எங்களிடம்தான் இருந்திருக்கிறது. அதைக் காதில் மாட்டிக்கொண்டுதான் ஒருத்தி செவிடு என்று பெயர் வாங்கிக்கொண்டு போனாள்.

சார் திரும்பி வந்தபோது நாங்கள் பின்களை மறுபடி சொருகவில்லை. வகுப்பும் வந்து உட்கார்ந்தது. டிப்ளமோக்காரி அளந்ததைச் சொன்னாள். அவர் முகம் சிவந்தது. மீட்டர் கொண்டுவந்து என் சென்டரைச் சோதனை போடுகிறாயா என்றார். அந்த ஹெட்போன் விலை தெரியுமா, நல்லதைத்தானே உங்களுக்குக் கொடுத்தேன் என்றார். நான் எழுந்தேன். வாழ்க்கையில் அதற்கு முன் ஒரு வாத்தியார் முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. எட்டுப் பின்களையும் சொருகி, திருகை அவர் வழக்கமாக வைக்கும் இடத்துக்கு இறக்கினேன். என் ஹெட்போனை எடுத்து, ஒயரை இழுத்து, அவர் மேஜை மேல் வைத்தேன்.

"மாட்டிப் பாருங்க சார்."

அவர் மாட்டவில்லை. நான் நின்றேன். முன்வரிசையிலிருந்தே ஒரு பெண், போட்டுத்தான் பாருங்களேன் சார் என்று மெதுவாகச் சொன்னாள். அவர் மாட்டினார். நான் டேப்பைப் போட்டேன். அவர் கண் மேலே பார்த்தது. அவர் கை தானாக வலது காதை அழுத்தியது, என் பஸ் தோழி அழுத்தியதுபோலவே. கழற்றி வைத்தார்.

"கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு," என்றார்.

கொஞ்சம். அந்த வார்த்தைக்காக மட்டும் நான் அவரை அடித்திருக்கலாம். அப்பா நின்ற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் எங்கள் நாற்காலிக்குச் சாதாரண ஹெட்போன் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தேர்வைத் திரும்ப வைத்தார். இரண்டு பேரும் தேறினோம். நான் வகுப்பில் மூன்றாவது. சென்னைக் கம்பெனிக்காரர் வந்த அன்று சார் என்னைக் காட்டி, கிராமத்துப் பெண், தமிழ் மீடியம், ஸ்பெஷல் கோச்சிங் கொடுத்துத் தூக்கி விட்டேன் என்றார். கம்பெனிக்காரர் பாராட்டும் விதமாகத் தலையாட்டினார். வேலை எனக்கு வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

வேலை உறுதியான மறுநாள் என் பஸ் தோழியைப் பார்க்கப் போனேன். போளூர் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வாசலில் கடலை காயப் போட்டிருந்தார்கள். அவள் மாமியார் உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி அவளைக் கத்திக் கூப்பிட்டார். கெட்ட எண்ணத்தில் அல்ல. அந்த வீட்டில் எல்லோரும் அவளிடம் அப்படித்தான் பேசினார்கள். அவள் புருஷன்கூட, தண்ணீர் கேட்கும்போது அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று கேட்டான். அவள் தலையைச் சாய்த்து அவன் வாயைப் பார்த்தாள்.

தனியாக இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். ஹெட்போன், அறுநூறு, முப்பது, பெட்டி, எல்லாம். அவள் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் சுருட்டியதை விட்டாள்.

"அப்ப எனக்குக் கேக்குதா?" என்றாள்.

நான் அவளோடு கிசுகிசுவென்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை.

வரும் வழியில் திருவண்ணாமலையில் இறங்கி நேராக மையத்துக்குப் போனேன். அவள் பெயரைச் சொல்லி, கோளாறு ஹெட்போனில்தான், அவள் காதில் இல்லை என்று மையத்தின் தாளில் நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்றேன். சார் நெற்றியைச் சுருக்கினார். "எந்தப் பொண்ணு?" என்றார். நான் அடையாளம் சொன்னேன். பௌர்ணமி அன்று எழுப்பி நிற்க வைத்தீர்களே என்றேன். அவருக்கு உண்மையாகவே ஞாபகம் வரவில்லை. நடிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேணும்னே செய்திருந்தால்கூட அவளை அவர் ஞாபகம் வைத்திருப்பார். ஒரு வருத்தமும் படாமல், அதெல்லாம் எழுதிக் கொடுத்தால் சென்டர் பேர் கெடும்மா என்றார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்து முதல் விடுமுறையில் வந்தபோது, அவள் புருஷனிடம் பேசி, இரண்டு பேரையும் வேலூருக்குக் கூட்டிப் போனேன். அதே அறை, அதே பெண். கண்ணாடிக்கு அந்தப்புறம் அவள் பட்டனை அழுத்துவது எங்களுக்குத் தெரிந்தது. சின்ன விளக்கு ஒன்று ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரியும். அவன் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். சோதனை செய்த பெண் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் தாள் வந்தபோது அவன் அதை என்னிடம் கொடுத்து, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டான். எந்தக் குறையும் இல்லை என்று போட்டிருக்கிறது என்றேன். "அப்ப அவங்க வீட்ல எதுக்கு அப்படிச் சொன்னாங்க?" என்றான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பஸ் பயணம் போதவில்லை.

அவள் பிறகு இந்த வேலைக்கு வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தச் சமயத்தில் வயிற்றில் பிள்ளை. அதற்குப் பிறகு இன்னொன்று. இப்போது ஊரில் துணிக்கடை வைத்திருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லித்தான் எல்லோரும் இந்த மாதிரிக் கதைகளை முடித்துவிடுகிறார்கள். அவளுக்கு என்னைவிட இங்கிலீஷ் நன்றாக வரும். பஸ்ஸில் அவள்தான் எனக்கு நோய்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தாள். நான் தேர்வில் எழுதிய பாதி வார்த்தைகள் அவள் வாயிலிருந்து கற்றவை. அவளுக்குக் கிடைக்க வேண்டிய மாதங்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் மாமியார் கத்துவதை நிறுத்த மட்டும் ஒரு வருடம் ஆயிற்றாம். அதைச் சொல்லி அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.